ஐஸில் கிடந்த கை

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரிப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவள் சொன்னாள்: "எனக்க கைக்கு இப்பம் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது மக்கா."

"டாக்டர்ட்ட காட்டலியா அக்கா?"

"காட்டினேன். குளிருல கெடந்து கெடந்து விரலுக்கு ரத்தம் சரியா போவலியாம். ஐஸுல கை வைக்கப்பிடாதுன்னாரு. வேற என்ன வேலைக்குப் போவ?"

மூத்தவள் கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்க வீட்டுக்காரருக்கு இந்தக் கை ஆவாது. தொட்டா, 'ஏட்டி, எடு கைய, மீனு தொட்டது போல இருக்கு'ம்பாரு. காய்ச்சல்ல ஆசுபத்திரியில கெடந்தப்பம் மட்டும் அவரே எனக்க கையப் புடிச்சு நெத்தியில வச்சாரு. 'சொகமா இருக்குட்டி, எடுக்காத'ன்னாரு. நானும் எடுக்கல்ல."

"பொறவு?"

"கண்ண மூடிட்டாரு. நல்லா ஒறங்குதாருன்னு நெனச்சு அசையாம இருந்தேன். சாயங்காலம் நர்சு வந்து தொட்டுப் பாத்துட்டு, 'என்னம்மா, ஒடம்பு இப்பிடிக் குளுந்து போயிருக்கு, நீங்க பாக்கலியா'ன்னு கேட்டா."

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்பமும் எனக்க கை அவரு நெத்தியிலதான் இருந்துது, மக்கா."