நேத்தி வைச்ச அப்பிள்

தங்கத்துரை: ...அதுக்கேன் என்ர முகத்தையே பாக்கிறாய்? பஸ் வாற பக்கம் பார்.

சீதேவி: பஸ் வந்தாச் சத்தம் கேக்கும். உங்கட கோவம் எந்தப் பக்கத்தால வருமெண்டுதான் தெரியேல்ல.

தங்கத்துரை: எனக்கென்ன கோவம்?

சீதேவி: எத்தினை வருசமா அந்த ரெண்டு அப்பிள் மரத்தோட மாரடிச்சனீங்கள். காய்ச்சதே ஒரு காய். அதைச் சல்லி அம்மாள் கோயிலில குடுத்திட்டு வாறன். என்ர வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாம, சாம்பல்தீவுச் சந்தி வரைக்கும் பின்னால நடந்து வாறார்.

தங்கத்துரை: நேத்திக்கடன் எண்டா நேத்திக்கடன்தானே. முதல் காய் அம்மாளுக்கு.

சீதேவி: ம்... இது நீங்கள் கதைக்கிற கதை இல்லையே.

தங்கத்துரை: ஆனா நீ ஏன் நேத்தி வைச்சனி எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்ல.

சீதேவி: ஏனோ? ஐஸ் பக்டரியில வேலை எண்டாப்போல, பெட்டி பெட்டியா ஐஸ் கொண்டுவந்து வேரில கொட்டினியள். அது காணாதெண்டு இலையையும் முழுக்க உருவிப்போட்டியள். மரம் மொட்டையா நிண்டுது. பட்டுப்போகுமெண்டு பயந்துதான் வைச்சனான்.

தங்கத்துரை: அப்பிளுக்குக் குளிர் வேணும், சீதேவி. எங்கட திருகோணமலை வெயிலுக்கு அது நித்திரையே கொள்ளாது. இலையை உருவினாத்தான் குளிர்காலம் வந்திட்டுதெண்டு நினைச்சுப் பூக்கும்.

சீதேவி: பக்கத்து வீட்டு றிஷானா கேட்டவ, "அக்கா, மரத்துக்குக் காய்ச்சலா, அண்ணன் ஐஸ் வைக்கிறார்" எண்டு.

தங்கத்துரை: சிரிக்கட்டும். ரெண்டு மரமும் ஒரே கிழமை பூத்துதா இல்லையா?

சீதேவி: பூத்தது அம்மாளால.

தங்கத்துரை: சரி... அரைவாசி அம்மாள், அரைவாசி ஐஸ்.

சீதேவி: வெளிமடையால கொண்டுவந்த மரத்து மகரந்தத்தைத் தூரிகையால தொட்டு, நுவரெலியாவால கொண்டுவந்த மரத்துப் பூவில தடவி, பிறகு அதுக்குத் தேனீ புகாமத் துணிப்பை கட்டி... எங்கட கலியாணத்துக்கே நீங்கள் இவ்வளவு பாடுபடேல்ல.

தங்கத்துரை: எங்கட கலியாணத்துக்குள்ள தேனீ புகாதெண்டு தெரியுந்தானே.

சீதேவி: வாயைப் பார்... அப்ப உண்மையாக் கவலை இல்லையா? பழம் போயிட்டுது.

தங்கத்துரை: பழத்தில ஒண்டும் இல்லை. அது தாய்மரத்துப் பழம் மாதிரித்தான் இருக்கும். புதுசு விதைக்குள்ள. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு சாதி. ஒண்டு புளிக்கும், ஒண்டு சப்பெண்டு இருக்கும், ஒண்டு... ஆருக்குத் தெரியும்? இந்த வெயிலுக்கே பூத்துக் காய்க்கிறதாக்கூட இருக்கும். உலகத்தில ஒருத்தரிட்டயும் இல்லாத அப்பிள்.

சீதேவி: அதான் கேக்கிறன். விதையும் பழத்தோட போயிட்டுதே.

தங்கத்துரை: பஸ்ஸை இன்னும் காணேல்ல.

சீதேவி: முந்தநாள் "வெட்டி விதையை எடுத்திட்டுக் குடுப்பம்" எண்டு ஒற்றைக்காலில நிண்டனீங்கள். வெட்டின பழம் அம்மாளுக்கு ஆகாதெண்டு சொன்னதும் சோறும் சாப்பிடேல்ல. இண்டைக்கு விடிய அர்ச்சனைத் தட்டை நீங்களே கழுவித் தாறியள்.

தங்கத்துரை: தட்டுக் கழுவினாலும் குற்றமா?

சீதேவி: சரி, அம்மாளுக்கு முன்னால அவ்வளவு நேரம் என்ன கும்பிட்டனீங்கள்?

தங்கத்துரை: மன்னிப்பு...

சீதேவி: ஏன்?

தங்கத்துரை: சும்மா. பொதுவா.

சீதேவி: பொதுவா.

தங்கத்துரை: சீதேவி... நீ கத்தப்படாது. சந்தியில சனம் நிக்குது.

சீதேவி: நான் எப்ப கத்தினனான்?

தங்கத்துரை: நீ குடுத்தது எங்கட பழம் இல்லை. டவுணில வாங்கினது. எங்கடதை நேற்றே பிடுங்கிப்போட்டு, அதே துணிப்பைக்குள்ள கடைப்பழத்தை வைச்சுக் கொப்பில கட்டினனான்.

சீதேவி: ம்.

தங்கத்துரை: விதை ஆறு இருந்துது. ஈரத்துணியில சுத்திப் பிரிட்ஜில வைச்சிருக்கிறன். கொஞ்சக்காலம் குளிருக்குள்ள கிடந்தாத்தான் முளைக்கும்... ஏதும் சொல்லன்.

சீதேவி: முந்தநாள் பையை அவிழ்த்துப் பாக்கேக்க எங்கட காயில வெயில் பட்ட பக்கம் மட்டுந்தான் சிவப்பு. இது மெழுகு பூசினமாதிரிச் சுத்திவர மினுங்கிச்சுது. காலமை பையை அவிழ்க்கேக்கயே தெரியும்.

தங்கத்துரை: தெரிஞ்சுகொண்டே குடுத்தனியா? அம்மாளை ஏமாத்தி...

சீதேவி: ஏமாத்தினது நீங்கள். நான் ஏமாத்தேல்ல.

தங்கத்துரை: கடைப்பழத்தைத்தானே தட்டில வைச்சனி. நான் பக்கத்திலதானே நிண்டனான்.

சீதேவி: பஸ் வருது. எழும்புங்கோ.

தங்கத்துரை: வரட்டும். தட்டில வேற என்ன வைச்சனி?

சீதேவி: பையில பழம் மாறியிருக்கெண்டா விதை வீட்டுக்குள்ளதானே இருக்கவேணும். பிரிட்ஜில தேடி எடுத்தனான். ஆறில மூண்டை வெத்திலையில சுத்திப் பழத்துக்குக் கீழ வைச்சுக் குடுத்தாச்சு. முதல் குளிருக்குள்ள வைச்சு, பிறகு கோயில் கிணத்தடியில நடச்சொல்லி, நீங்கள் கும்பிட்டுக்கொண்டு நிக்கேக்கயே பூசாரியாரிட்டயும் சொன்னனான். மற்ற மூண்டும் உங்களுக்குப் பிரிட்ஜிலயே கிடக்கு... அப்பிடிப் பாக்காதேங்கோ. எது நல்ல விதையெண்டு பாத்து எடுக்கேல்ல. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தனான்.