நாற்பத்தொரு செகண்ட்

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்புக்கா. இன்னும். ஆங், போதும். இப்ப உன் மூக்கு நேரா ராக்கெட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கு.

— மூக்கு பார்த்து என்னடா ஆகப்போகுது, கண்ணாடிக் கடைக்காரா? கண்ணுல்ல பார்க்கணும்.

— பார்க்கும்க்கா. வலது கண்ணை விட்டுடு, அது போயிடுச்சு. இடது கண்ணுதான் இப்ப நமக்குக் கணக்கு.

— கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. எனக்கு ராக்கெட் நமஸ்காரம். கேட்டியா, சிரிக்கலாம்.

— எனக்குச் சிரிப்பு வரலக்கா.

— உனக்கு எப்பதான் வந்திருக்கு? சரி, இங்க என்னல்லாம் இருக்குன்னு சொல்லு. லாட்ஜ்காரன் மொட்டை மாடியைப் பூட்டிட்டானோன்னு பயந்துட்டேன்.

— ஒரு முப்பது பேர் இருக்காங்க. தண்ணித் தொட்டி மேலகூட ரெண்டு பேர் ஏறி உக்காந்திருக்காங்க. எனக்குப் பக்கத்துல பைனாகுலரோட ஒருத்தர். நமக்கு முன்னாடி கைப்பிடிச் சுவர், அதுக்கப்புறம் வெறும் தண்ணி. அந்தக் கரையில ஒரு தீக்குச்சி உயரத்துக்கு வெள்ளையா நிக்குதுக்கா. சுத்தி விளக்கு போட்டிருக்காங்க.

— இருட்டிடுச்சா?

— ஏன், உனக்குத் தெரியலையா?

— தெரியுது, தெரியுது. நீ ஒழுங்கா சொல்றியான்னு பார்த்தேன். தூரம் எவ்வளவாம்?

— பதினாலு கிலோமீட்டராம்.

— அப்ப நாப்பத்தொரு செகண்ட். நெருப்பு தெரிஞ்சதுலேருந்து நாப்பத்தொண்ணு எண்ணினா சத்தம் வந்து சேரும். சின்ன வயசுல மின்னலுக்கு எண்ணுவோமே, அதே கணக்குதான். நீதான் பாதி எண்ணறதுக்குள்ள காதைப் பொத்திக்குவ.

— ராக்கெட் நோட்டைக் கொண்டு வந்திருக்கியா?

— பையில இருக்கு. டிவியில பார்த்தது நூத்திப் பன்னெண்டு. நேர்ல பார்த்ததுன்னு தனியா ஒரு பக்கம் விட்டேன், ஏழு வருஷமா காலியாவே கிடக்கு. முதல் தடவை வந்தோம், மழை. ரெண்டாவது தடவை எங்கேயோ கசிவு. மூணாவது தடவை காத்து. அப்பல்லாம் எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு, கேட்டியா. ராக்கெட்டுதான் இல்ல.

— இன்னிக்குக் கிளம்பும்க்கா. கிளம்பியே ஆகணும்.

— நீ சொன்னா உடனே கிளம்பிடுமா? பள்ளிக்கூட லேப்ல இருபது வருஷம் இதைத்தான்டா பார்த்தேன். ஒயரைத் தப்பா மாட்டிட்டு, பல்பைப் பார்த்து எரி, எரின்னு கெஞ்சுவாங்க. கெஞ்சினா எரியாது.

— வியாழக்கிழமை ஆபரேஷன்க்கா. டாக்டர் என்ன சொன்னார்? வெளிச்சம் தெரியற வரைக்கும்தான் அந்தக் கண்ணைக் காப்பாத்த முடியும், அதுவும் போயிட்டா கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்லன்னார். நேத்து அவர் டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ ஆறு தடவையும் சரியா சொன்ன. இன்னிக்கு அதைவிட எத்தனையோ மடங்கு வெளிச்சம். இதை நீ பார்த்துட்டேன்னா எனக்கு...

— உனக்கு என்ன?

— எனக்குத் தூக்கம் வரும்.

— திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா?

— பதினெட்டு வருஷமா கண்ணாடிக் கடையில நிக்கறேன். சொந்த அக்கா வந்து, விளக்கைச் சுத்தி வளையம் வளையமா தெரியுதுடாங்கறா. கண்ணுல பிரஷர் ஏறுதோன்னு யோசிக்காம, நான் பவரை ஏத்தி லென்ஸை மாத்திக் கொடுக்கறேன். ஒரு தடவையா? மூணு தடவை! ஊரான் ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போய்யான்னு துரத்தியிருப்பேன். நம்ம அக்காதானே, நாமளே பார்த்துக்கலாம்னு...

— மூணாவது ஃப்ரேம் நல்லா இருந்துச்சுடா. லேப்ல எல்லாரும் கேட்டாங்க.

— விளையாடாதக்கா. உன் கண்ணை நான்தான் அவிச்சேன்.

— வாயை மூடு. அதான் ஒண்ணு மிச்சம் இருக்குல்ல? வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னா உனக்குத் தூக்கம் வரும்னா, தெரியுது. போதுமா? எத்தனை நிமிஷம் இருக்குன்னு பாரு.

— ஒரு நிமிஷம்கூட இல்லக்கா. எல்லாரும் எழுந்துட்டாங்க. கையைக் கொடு, சுவரைப் பிடிச்சுக்கோ.

— பிடிச்சுக்கிட்டேன். ஆரம்பிச்சுட்டாங்களா?

— வாட்சைப் பார்த்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, கேக்குதா? பத்து. ஒன்பது.

— கேக்குது, கேக்குது. நீ எண்ணாத. நீ பாரு.

— மூணு. ரெண்டு. ஒண்ணு!

— தெரியுதுடா! ஐயோ, தெரியுதுடா!

— அக்கா...

— மஞ்சளா, எவ்வளவு பெருசா! கீழேருந்து மேல ஏறுதுடா! எல்லாரும் எப்படிக் கத்தறாங்க பாரு!

— ...ஆமாக்கா.

— என்னடா, செத்தவன் மாதிரி ஆமாக்காங்கற? நேரா போகுதா? நல்லா சொல்லு!

— நேரா... நேராத்தான் போகுது. அழகா போகுதுக்கா.

— அஞ்சு, ஆறு. நான் எண்ணறேன், நீ சொல்லிக்கிட்டே இரு. ஏழு, எட்டு.

— என்னங்க, நேரம் தாண்டிடுச்சே, இன்னும்...

— சார், உங்க கால்ல விழறேன். ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

— யாருடா அது? பதினாலு, பதினஞ்சு.

— பைனாகுலர்காரர்க்கா. மறைக்கறார், அதான்.

— ஏன் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டாங்க? இருபத்திரண்டு.

— வாயைப் பொளந்துகிட்டுப் பார்க்கறாங்க. தண்ணி பூரா மஞ்சளாயிடுச்சு. உன் முகத்துலகூட வெளிச்சம் அடிக்குதுக்கா.

— ஆமாடா, முகத்துல அடிக்குது. முப்பது. கீழ போனதும் நோட்டுல எழுதணும், நேர்ல பார்த்தது ஒண்ணுன்னு. நீயே எழுது, உன் கையெழுத்துல இருக்கட்டும். முப்பத்தஞ்சு. இப்ப வந்துடும் பாரு. காதைப் பொத்திக்காத. முப்பத்தொன்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரண்டு.

— எதிர்க்காத்துக்கா. சத்தம் கொஞ்சம் பிந்தும்.

— காத்து என் முகத்துலதான்டா அடிக்குது. அங்கேருந்துதான் வருது. நாப்பத்தாறு. நாப்பத்தேழு.

— போதும்க்கா. எண்ணாத.

— அம்பது.

— கிளம்பலக்கா. கடைசி நிமிஷத்துல நிறுத்திட்டாங்க போலிருக்கு. அப்படியே நிக்குது. நெருப்பே வரல.

— அப்ப நீ ஏன்டா போகுதுன்னு சொன்ன?

— நீ ஏன்க்கா தெரியுதுன்னு சொன்ன? நேத்து டாக்டர் ஆறு தடவை டார்ச் அடிச்சாரே. ஆறையும் சரியா சொன்னியே. அது எப்படிக்கா?

— டார்ச்சை அமுக்கறப்போ டிக்குன்னு கேக்கும்டா. இதுக்குச் சத்தம் நாப்பத்தொரு செகண்ட் கழிச்சுத்தான வரும்.