தெற்கு மூலை, கீழ் வரிசை

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. அட, உக்காருங்கன்னா. ஊதாச் சட்டை போட்டவங்களை நாங்க கடிக்க மாட்டோம். தின்னக் குடுப்போம், தின்னுக்கிட்டு இருக்குறப்ப திட்டுவோம். எங்க டெல்மர் காலேஜ்ல ஃபுட்பால் ஆட்டத்தன்னிக்கு அதுதான் மரியாதை.

தட்டைப் புடிங்க. பன்னி விலா, விடியறதுக்கு முன்னாடிலேருந்து புகையில கெடக்குது. அதோ, பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு, புகையடுப்புக்குக் காவல் நிக்கிற மாதிரி நிக்கிறாரு பாருங்க, அவருதான் என் வீட்டுக்காரரு, ஹாலிஸ். நான் வெர்லீன். உங்க பேரு? ராஸ்கோவா! நல்ல பேரு. கார்வெல் காலேஜ்காரங்களுக்கு இவ்வளவு நல்ல பேரெல்லாம் வைப்பாங்களா?

சரி, நான் கூப்பிட்ட விஷயத்துக்கு வர்றேன். உங்க கழுத்துல பிளாஸ்டிக் பையில தொங்குதே, அந்த டிக்கெட். தெற்கு மூலை, கீழ் வரிசை. மைதானத்து வாசல்ல நாங்க போட்டிருக்குற இந்தக் கூடாரத்தைத் தாண்டி நீங்க போறப்பவே கண்ணுல பட்டுடுச்சு. அதான் கூப்பிட்டேன். பின்ன, உங்க முகராசிக்கா கூப்பிட்டேன்? அதை என்கிட்ட குடுங்க. பதிலுக்கு எங்க டிக்கெட் ஒண்ணு தர்றேன். மைதானத்துக்கு நட்டநடுவுல. முழு நிழல். முதுகு சாஞ்சுக்கலாம். என் மாமனார் காலத்துலேருந்து எங்க குடும்பத்துக்கு வர்ற சீட்டு. இந்த ஊர்ல அப்படி ஒரு சீட்டுக்காகக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களே இருக்காங்க. நானும் அந்த கேஸுதான்னு ஹாலிஸ் சொல்லிக்கிட்டுத் திரிவாரு.

என்ன சிரிப்பு? ஏமாத்துறேன்னு நெனைக்கிறீங்களா? தனியாத்தானே வந்திருக்கீங்க? அப்புறம் என்ன. வெயில்ல வேகுற மூலையிலேருந்து நிழலுக்கு வாங்கன்னு ஒருத்தி கூப்பிட்டா, யோசிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு?

சரி, யோசிங்க. இந்த முட்டையை மென்னுக்கிட்டே யோசிங்க. மஞ்சக் கருவுல கடுகு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், தண்ணி அங்க இருக்கு. நீங்க யோசிக்கிறதுக்குள்ள உங்க பசங்களைக் கொஞ்சம் அலசிடுறேன்.

முதல்ல அந்தப் பந்து எறியுற பையன், கால்ட்வெல். எறியுறான், இல்லைங்கல. ஆளே இல்லாத இடமாப் பாத்து ரொம்ப அழகா எறியுறான். போன சனிக்கிழமை டிவில பாத்தேன், பந்து நேராப் போயி தண்ணி பாட்டில் தூக்கிட்டு வந்த ஆளு மடியில விழுந்துச்சு. வலது பக்கம் ஓடுனா ஏதோ தேறும். இடது பக்கம் விரட்டிட்டாப் போதும், கையில சூடான சட்டியை வச்சுக்கிட்டு நாய்க்குப் பயந்து ஓடுறவன் மாதிரிதான். எங்க பசங்களுக்கு அது தெரியும்னு நெனைக்கிறேன். தெரியலைன்னா நான் எழுந்து கத்துவேன்.

முன்வரிசையில முட்டி நிக்கிற பசங்களா? ஆமா, நாலு பேரும் மலை மாதிரி இருக்கானுங்க. ஒத்துக்குறேன். ஆனா மலை எங்க தம்பி நகரும்? பாதி ஆட்டம் தாண்டட்டும், இடுப்புல கையை வச்சுக்கிட்டு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு நிப்பானுங்க. கோவேறு கழுதையைப் போயி கொடியில போட்டு வச்சிருக்கீங்களே, வேற எப்படி இருக்கும்?

எங்க கொடியில இருக்குற கொக்கு மட்டும் என்னவா? கொக்குக்கு என்ன குறைச்சல்? ஒத்தைக் கால்ல நிக்கிறதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்! எனக்குத்தான் அது இல்ல. சீக்கிரம் யோசிங்க.

உங்க கோச்சு இருக்காரே, பெனிங்டன். மனுஷன் பாக்க ராஜா மாதிரி. தைரியம்தான் கிடையாது. பந்தைத் தூக்கிக்கிட்டு இன்னும் ஒரு முழம் போனா போதும்னு இருக்கும், முட்டித் தள்ளுங்கடான்னு சொல்ல வாய் வராது. உடனே உதைக்கிற ஆளை உள்ள அனுப்பிடுவாரு. பந்தை எதிராளி பக்கம் தூரமா உதைச்சுத் தள்ளிட்டு, அப்பாடான்னு தொப்பியைக் கழட்டி விசிறிக்குவாரு. உதை, உதை, உதை. உங்க ஆட்டத்துல பாதி அதுதான். இல்லன்னு சொல்லுங்க பாப்போம்? பாத்தீங்களா, வாயைத் திறக்க முடியல. ஓ, விலா எலும்பு மாட்டியிருக்கா. மெதுவா.

அந்த உதைக்கிற பையனும் சுமார்தான். காத்து தயவு வச்சா நல்லா உதைப்பான். உங்க அணியிலேயே உருப்படியான ஆளு யாருன்னு என்கிட்ட கேளுங்க. அம்பத்தெட்டாம் நம்பர் சட்டைக்காரன்.

அது யாருன்னு கேக்குறீங்களா? அடக் கடவுளே! ஊதாச் சட்டை, ஊதாத் தொப்பி, கால்ல ஊதாச் சாக்ஸ் வேற, ஆனா சொந்த அணியில அம்பத்தெட்டு யாருன்னு தெரியல. உதைக்கிறதுக்கு முன்னாடி நடுவுல ஒருத்தன் குனிஞ்சு, ரெண்டு காலுக்கு நடுவால பந்தைப் பின்பக்கமா விட்டெறிவானே, அவன். எதிர்ல ரெண்டு தடியனுங்க மேல விழக் காத்துக்கிட்டு இருப்பானுங்க, இவன் தலைகீழாப் பாத்துக்கிட்டு எறியணும். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள பந்து உதைக்கிறவன் கையில, இடுப்பு உயரத்துல, பந்தோட தையல் மேல பாத்து இருக்கும். போன வருஷம் பூரா ஒண்ணுகூடத் தப்பல. அதனாலதான் அவன் பேரு உங்களுக்குத் தெரியல. அந்த வேலை அப்படி. தினமும் ரொட்டி நல்லா வந்தா எவனாவது வாயைத் திறக்குறானா? ஒரு நாள் கருகட்டும், அன்னிக்குத்தான் சமைச்சது யாருன்னே ஞாபகம் வரும்.

இவ்வளவு எப்படித் தெரியுமா? எதிரியைத் தெரிஞ்சு வச்சுக்க வேணாமா, அதான்.

ஹாலிஸ்! மூடியைத் தொறந்து தொறந்து பாக்காதீங்க, கறி ஓடிப் போயிடாது! இவரா? ஆமா, கார்வெல்காரருதான். கண்ணு இருக்குல்ல? சாப்பிட வந்திருக்காரு, பொண்ணு கேட்டு வரல!

பாத்தீங்களா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுல ரெண்டு வருஷமா ஊதாவே கிடையாது. காலையில ரொட்டிக்குத் திராட்சை ஜாம் தடவுறதையே விட்டுட்டாரு மனுஷன். கல்யாணமான நாள்லேருந்து அந்த ஜாம் இல்லாம காபி எறங்காது அவருக்கு. இப்ப வெறும் ரொட்டியை மென்னு முழுங்குறாரு, வீராப்பா.

எதுக்கு மாத்திக்கணும்னு திரும்பத் திரும்பக் கேட்டா எப்படி? எனக்கு வெயில் வேணும். டாக்டர் சொல்லியிருக்காரு. எலும்புக்கு.

நம்பலையா. சரி, உண்மையைச் சொல்றேன். எங்க சீட்டுக்குப் பின்னாடி ஒரு அம்மா, ஆட்டம் பூரா என் காதுகிட்ட மணியடிச்சுக்கிட்டே… ஐயோ, அதைச் சொன்னா நீங்க வர மாட்டீங்களே. அந்த அம்மா இன்னிக்கு வரல. இல்ல, வருது. வருதுப்பா, விடுங்க! கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ நான். பொய் சொன்னா காதைத் திருகியே வளத்தாங்க, இந்த வயசுலயும் ஒரு பொய் ஒழுங்கா வர மாட்டேங்குது.

என்னது? நான் உள்ளுக்குள்ள கார்வெல் கட்சியா? வாயைக் கழுவுங்க தம்பி, அந்த டீயை ஊத்திக் கழுவுங்க. என்னை அடக்கம் பண்றப்பகூடப் பச்சைப் பொட்டியிலதான் வைக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க பசங்க இன்னிக்கு உங்களைப் புரட்டி எடுக்கணும். தோத்த வெக்கத்துல நீங்க வீடு போயிச் சேர்ற வரைக்கும் ரேடியோவைத் தொடக்கூடாது. இதுக்காக ஒரு வாரமா ஜெபமாலை உருட்டுறேன்.

அப்புறம் அம்பத்தெட்டு எறியுற பந்தும் ஒண்ணுகூடத் தப்பக்கூடாது. அதுக்கும் சேத்துத்தான் உருட்டுறேன். ரெண்டையும் ஒரே ஜெபத்துல வச்சா மாதா குழம்பிட மாட்டாங்களான்னு பாதர்கிட்ட கேட்டேன். அவரு டெல்மர்ல படிச்சவரு. ரெண்டாவதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மான்னாரு.

ஏனா? என் பையன்தான் அவன். டேரியன். இன்னொரு முட்டை எடுத்துக்குங்க.

அப்படிப் பாக்காதீங்க, வாயில ஈ போயிடும். எங்க கோச்சு இவனை வேணாம்னுட்டாரு. குனிஞ்சு எறியுறதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஆள் இருக்கும்மான்னாரு, ஏதோ கொசுவலை விக்க வந்தவன்கிட்ட சொல்ற மாதிரி. உங்க பெனிங்டன் வீட்டுக்கே வந்தாரு. நான் செஞ்ச பீச்சுப் பழ அடையில ரெண்டு துண்டு தின்னுட்டு, படிப்புச் செலவு முழுக்க எங்க பொறுப்புன்னாரு. பையன் கையெழுத்துப் போட்டுட்டான். ஹாலிஸ் எழுந்து வெளிய போயி டிரக்கைக் கழுவ ஆரம்பிச்சாரு. அப்ப மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு தம்பி.

அவரும் டெல்மர்ல ஆடுனவருதான், இதே எடத்துலதான் குனிவாரு. பையனுக்கு அந்த வித்தையைப் பழக்குனதே அவருதான். கொல்லையில பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு, சாயங்காலமானாப் போதும், அப்பனும் புள்ளையும் குனிஞ்சுக்குவாங்க. அடுப்படி ஜன்னல்லேருந்து பாத்தா எனக்கு ரெண்டு பின்பக்கம்தான் தெரியும்.

ஆட்டக்காரங்க வீட்டுக்கு டிக்கெட் குடுப்பாங்கதான். பையனும் அனுப்பி வச்சான். ஹாலிஸ் பாத்துட்டு, நமக்குத்தான் சீட்டு இருக்கேன்னாரு. அவ்வளவுதான். அதை அவன் கூட்டாளி வீட்டுக்குக் குடுத்துட்டான்.

அதனால இப்ப உங்க டிக்கெட்டுல நான் போயி உக்காரப் போறேன்னு நெனைச்சீங்களா? எனக்கெதுக்கு? போன வருஷம் அக்காவைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயி, கார்வெல்ல ஆட்டமெல்லாம் பாத்துட்டுத்தான் வந்தேன். அது பொய்யில்ல. அக்கா வீடு போற வழியிலதான் இருக்கு.

டிக்கெட் அவருக்கு. அந்தத் தடி மனுஷனுக்கு.

அவரு கேக்கல. செத்தாலும் கேக்க மாட்டாரு. இந்தக் கூடாரங்கள்ல இருக்குறவன் பூரா அவரு கூட ஆடுனவன், அவரு கூடக் கத்துனவன். அந்த மூலையில போயி உக்காரணும்னு வாயைத் திறந்தா, கெழவனாகுற வரைக்கும் வச்சு ஓட்டுவானுங்க. ஆனா போன வாரம் பாத்திரம் தொடைச்சுக்கிட்டே, சும்மா கேக்குற மாதிரி என்கிட்ட கேக்குறாரு: ஆமா, வெளியூர்க்காரங்களை எந்தப் பக்கம் உக்கார வைப்பாங்கன்னு. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து இந்த மைதானத்துக்கு வர்ற மனுஷன் தம்பி! அங்க எந்தப் படியில பாசி வழுக்கும்னு தெரிஞ்சவரு! நான் கையில இருந்த கரண்டியைப் பாத்துக்கிட்டே, தெற்கு மூலைன்னு சொன்னேன். ஓஹோன்னாரு. அதே தட்டை மறுபடியும் தொடைச்சாரு.

ரொம்ப சுலபம். எங்க டிக்கெட்டெல்லாம் என் கைப்பையிலதான் இருக்கும், அவருகிட்டக் குடுத்தா தொலைச்சுடுவாரு. மைதானத்து வாசல்ல வச்சு உங்களோடதை அவரு கையில திணிச்சுடுவேன். தூரத்துல இருக்குறது பருந்து மாதிரி தெரியும், கிட்டத்து எழுத்துதான் கண்ணாடி இல்லாமத் தெரியாது. கண்ணாடி வீட்டுல இருக்கு. அது எப்படி வீட்டுலேயே நின்னுச்சுன்னு கேக்காதீங்க. நான் கழிவறைக்குப் போறேன், நீங்க முன்னால போங்கன்னுடுவேன். சீட்டைக் காட்டுற ஆளு டிக்கெட்டை வாங்கிப் பாத்து, ஊதாக் கூட்டத்து நடுவுல கொண்டு போயி விட்டுடுவான். அப்புறம் என்ன, குதிப்பாரு. என் பொண்டாட்டி புத்தி கெட்டவ, டிக்கெட் பாத்து வாங்கத் தெரியாதவன்னு நாலு வரிசைக்குக் கேக்குற மாதிரி கத்துவாரு. கத்திட்டு உக்காந்துடுவாரு. இங்க வந்து இவனுங்க எல்லார்கிட்டயும் அதே கதையைச் சொல்லுவாரு, இவனுங்களும் பாவம் ஹாலிஸ்னு முதுகுல தட்டிக் குடுப்பானுங்க. புத்தி கெட்டவன்னு பேரு எடுக்குறது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. கல்யாணம் பண்ணுனப்பவே எங்கம்மா குடுத்த பேருதான் அது.

அந்த மூலைதான் வேணும். வேற எதுவும் ஆகாது. பாதி ஆட்டம் உங்க பசங்க அந்தப் பக்கத்துக் கோட்டைத்தான் காக்கப் போறானுங்க. பெனிங்டன் வழக்கம்போல பயப்படுவாரு, உதைன்னுவாரு. டேரியன் குனிவான். குனிஞ்சு காலுக்கு நடுவால பாத்தா, உதைக்கிறவன் நிப்பான், அவன் தோளுக்குப் பின்னாடி கீழ் வரிசை. ஊதாக் கூட்டத்துல ஒத்தைப் பச்சைத் தொப்பி.

கை நழுவாது. அவன் கை நழுவாது. அப்படி நழுவுனா எங்களுக்குத்தான் லாபம்னு சொல்லணும், சொல்ல வரல, விடுங்க.

ஆமா, தலைகீழாத்தான் தெரிவாரு. தெரியட்டுமே. ரெண்டு வருஷமா நேரா நின்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு, டிரக்கு என்ஜினைப் பத்தித்தானே பேசிக்கிறாங்க.

ஐயோ, கறித்தட்டைத் தூக்கிக்கிட்டு இங்கதான் வர்றாரு. சீக்கிரம், கழுத்துலேருந்து கழட்டுங்க. கயிறு தொப்பியில மாட்டுதா? குனிங்க தம்பி, குனிங்க, நான் எடுத்துக்குறேன்.