மாதுளை அச்சின் மூன்றாம் முனை

அறுபத்தாறு வயதாகியும் உணவகத்தில் மெனு அட்டையைக் கண்ணாடி போடாமல் படிக்கிறவன் நான். என் வயதுக்காரர்கள் கையை நீட்டிப் பார்ப்பார்கள், தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள், கடைசியில் பரிமாறுகிறவரையே கேட்டுவிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது, அதனால் தவறு நேர்ந்தது என்று உங்கள் விசாரணை அறிக்கையில் யாராவது இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்துவிடக் கூடாது. எனக்கு எல்லாம் தெளிவாகவே தெரிந்தது.

என் தொழில் உங்களுக்குப் புதிது என்றீர்கள். இருநூறு வருடப் பழைய புத்தகங்களின் தோல் அட்டைகளைப் பார்த்து அவற்றை எந்த பைண்டர் செய்தார் என்று சொல்வேன். அந்தக் காலத்துப் பாரிஸ் பைண்டர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தோலின் மேல் தங்க ரேக்கை வைத்து, சூடேற்றிய பித்தளை அச்சால் அழுத்திப் பூவும் பறவையும் பதித்தார்கள். அச்சு கீழே விழுந்தால் அதில் ஒரு சின்ன வெட்டு விழும். அதற்குப் பிறகு அது பதிக்கிற ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் மயிரிழை அளவுக்குத் தங்கம் விட்டுப்போகும். அந்த மயிரிழையைத் தேடுவதுதான் என் பிழைப்பு. பெயர்ச் சீட்டை யாரும் ஒட்டலாம், யாரும் கிழிக்கலாம். வெட்டு பொய் சொல்லாது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஐந்து முனைக் கிரீடம் வைத்த ஒரு மாதுளம்பழ அச்சு உண்டு. மூன்றாவது முனையில் வெட்டு. அந்த மாதுளை பதிந்த முப்பத்தொரு அட்டைகளைக் கண்டுபிடித்தேன். அத்தனையும் அழகு. அவற்றைச் செய்தவர் யாரும் அறியாத ஒரு மேதை என்று நிரூபித்து, அவருக்கு ‘மாதுளை ஆசான்’ என்று பெயரும் வைத்தேன். பத்தொன்பது வருட உழைப்பு, நானூறு பக்கப் புத்தகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லையே என்று கேட்டவர்களிடம், எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது என்று சிரித்திருக்கிறேன். பாதி வேடிக்கைதான்.

லெயோன்ஸ் துவேரை அந்தப் புத்தகத்துக்காக அலைந்தபோதுதான் தெரியும். ஆற்றுக்குத் தெற்கே, முற்றத்துக்குள் ஒரு சின்னப் பட்டறை. பொன் பதிப்பதில் பாரிஸில் அவருக்கு நிகர் அப்போது இல்லை. பழைய அச்சுகள் அறுநூறு வைத்திருந்தார். நான் கேட்டதும் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு அச்சையும் மெழுகுவர்த்திப் புகையில் கறுக்கவைத்து, எனக்காகத் தாளில் பதித்துக் கொடுத்தார். ஓரத்தில் தேதியும் எழுதினார்.

“உங்களுக்கு ஒரு பிரதி வேண்டாமா?” என்று கேட்டேன்.

“பொண்டாட்டி பக்கத்துலயே இருக்கா, அவ போட்டோவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா?” என்றார். உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கிளெமான்ஸ், “போட்டோல நான் பேச மாட்டேன், அது உங்களுக்கு வசதி” என்று குரல் கொடுத்தாள். நல்ல மனிதர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் மதாம் ஸீமொனே ஒரு பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். சிவப்பு ஆட்டுத்தோல், நான்கு மூலையிலும் மாதுளை. மூன்றாவது முனையில் வெட்டு. உள்ளே திறந்தால் மங்கிய ஒரு பெயர்ச் சீட்டு: ஷவானியாக். அந்தப் பைண்டரை எல்லோருக்கும் தெரியும். மந்தமான ஆள், பள்ளிக்கூடப் பரிசுப் புத்தகங்களை வண்டி வண்டியாக பைண்டு செய்து தள்ளியவர்.

“முசியே, உங்க அநாதைப் பிள்ளைக்கு அப்பா கிடைச்சுட்டாரு போலிருக்கே” என்று மதாம் சிரித்தார்.

நானும் சிரித்தேன். லென்ஸை எடுத்தேன். அந்தச் சீட்டுக்கு அடியில் இருந்த பசை, தாளின் கறை, எல்லாம் அந்தக் காலத்தவை. லென்ஸ் வைத்த பத்தாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டை அசல், சீட்டு அசல். மாதுளை ஆசான் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. கிடைத்த ஓய்வு நேரத்தில் ஷவானியாக் நன்றாக வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

“இது போலி” என்றேன். “சமீபத்துல செஞ்சது.”

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தபோது வேறு எதையும் நான் யோசித்திருக்கவில்லை. யாரையும் மாட்டிவிட நினைக்கவில்லை. புத்தகம் அலமாரிக்குப் போய்விடும், கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். மதாம் ஸீமொனே நேர்மையானவர் என்பதை மறந்துவிட்டேன். அவர் காவல் துறைக்குப் போனார். அவருக்கு விற்றவர் அதற்குள் செத்துப்போயிருந்தார். புத்தகத்தின் முதுகு கிழிந்திருந்ததை யார் சரிசெய்தது என்று விசாரித்தார்கள். ‘நான்தான்’ என்று துவேர் தானாகவே சொன்னார். பட்டறையைச் சோதித்தார்கள். அறுநூறு அச்சுகளுக்கு நடுவே ஒரு மாதுளை இருந்தது.

நீதிமன்றம் நிபுணராக நியமித்தது என்னை. வேறு யாரை நியமிப்பார்கள்? மாதுளையைப் பற்றிப் புத்தகம் எழுதியவன் நான் ஒருவன்தான். மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுத்தால் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒருவரை அழைத்திருப்பார்கள். கெட்டிக்காரர், என்மேல் தீராத பொறாமை. அவர் அரை மணியில் ஷவானியாக் என்று சொல்லியிருப்பார். அந்த நிலையில் என்னால் என்ன செய்ய முடியும்?

அச்சை நூலால் கட்டி, அரக்கு முத்திரை வைத்து என் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்துத் திரும்ப முத்திரை வைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் தேவாலயத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அச்சைப் பார்த்தேன். பழைய அச்சிலிருந்து, அதில் வெட்டு விழும் முன்பே, யாரோ வார்த்தெடுத்த நகல். அளவு ஒன்று, வளைவு ஒன்று. மூன்றாவது முனை மட்டும் முழுசாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்க்கிற எவருக்கும் துவேர் குற்றமற்றவர் என்று அந்த முனையே சொல்லிவிடும்.

நகை வேலைக்கான மெல்லிய அரம் ஒன்று என்னிடம் இருந்தது. ஒன்பது தேய்ப்பு. எண்ணினேன், ஏனென்றால் பத்தாவது அதிகமாகியிருக்கும். புதிதாக அறுத்த பித்தளை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அந்த இடத்தைத் தீயில் காட்டி, எண்ணெயும் கரியும் தேய்த்து மங்கவைத்தேன். பிறகு புகையில் கறுக்கவைத்துத் தாளில் பதித்துப் பார்த்தேன். என் கைக்கு இவ்வளவு நுணுக்கம் வரும் என்று எனக்கே தெரியாது. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. முத்திரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நீதிமன்றத்தில் அச்சை துவேரின் கையில் கொடுத்தார்கள். அவர் செய்த முதல் காரியம், அதைக் கன்னத்தருகே கொண்டுபோனது. பொன் பதிப்பவர்கள் அச்சின் சூட்டை அப்படித்தான் பார்ப்பார்கள், கை தானாகப் போய்விடும். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி, அது அவருடையதா என்று கேட்டார்.

“என்னோடதுதான் ஐயா. கைப்பிடி நானே மாட்டினது.”

“அந்த வெட்டு?”

துவேர் நெடுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். “இருக்கு. ஆனா முன்னாடி இல்ல” என்றார். கூடம் முழுவதும் சிரித்தது. அவருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து லேசாகச் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் என் குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன்.

இடைவேளையில் நீதிமன்றத் தாழ்வாரத்தில், இரண்டு காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

“முசியே, நீங்களே சொல்லுங்க. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். வெட்டு முன்னாடியே இருந்துச்சா? எனக்குத்தான் கண்ணு போயிடுச்சா?”

அவர் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால், ஒரு வார்த்தை திட்டியிருந்தால், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சந்தேகப்பட்டது தன்னை. நான் அவர் தோளைத் தொட்டேன்.

“வயசாகுது துவேர். எல்லாருக்கும்தான்.”

அவர் தலையாட்டினார். அடுத்த நாள் எழுந்து நின்று, “நான் செஞ்சிருக்கணும், ஞாபகமில்ல” என்று சொன்னார். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. இரண்டு வருடம்.

கிளெமான்ஸ் என்னைப் பார்க்க வந்தாள். தோட்டத்துச் சீமை மாதுளம்பழத்தில் தானே செய்த ஜெல்லியை ஒரு ஜாடியில் கொண்டுவந்திருந்தாள். அதிகம் பேசவில்லை.

“முசியே, அப்போ அவரு உங்களுக்குப் புகையில பதிச்சுக் குடுத்தாரே, அந்தத் தாளு இருக்கும்ல? அதுல பாத்தா தெரிஞ்சிடும். அவரு வேணாங்கிறாரு. வெட்டு இருந்தா இன்னும் அவமானம்னு பயப்படுறாரு. நான் பயப்படல.”

“பழைய தாள் ஆயிரம் கிடக்கு. தேடிப் பாக்கிறேன், கிளெமான்ஸ்.”

நான் தேடினேன். அவள் போனவுடன் ‘து’ என்று எழுதிய இழுப்பறையைத் திறந்தேன், இருந்தது, மூடினேன். அவள் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் தேடினேன். தேடுகிறேன் என்று நான் சொன்னதில் பொய்யில்லை. அந்தத் தாளை எரித்திருக்கலாம். இழுப்பறையைத் திறந்த உங்கள் ஆட்களே ஏன் எரிக்கவில்லை என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆவணங்களை அழிக்கிறவன் இல்லை.

சிறைக்குள் ஒரு பைண்டிங் கூடம் உண்டு. துவேரை அங்கே போட நினைத்தார்களாம், நல்ல எண்ணத்தோடுதான். அவர் அச்சைக் கையில் வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். கேட்டதற்கு, “என் கைக்கு என்ன தெரியும்னு எனக்கே தெரியல” என்றாராம். தூரிகைக்கு மயிர் பிரிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது மாதம், பிப்ரவரியில், நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். அவர் கடைசிவரை தான்தான் செய்ததாக நம்பினார் என்று கிளெமான்ஸ் எனக்கு எழுதினாள். பாதிரியாரிடமும் அதைச் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டாராம். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னிப்பு முறைப்படி வழங்கப்பட்டுவிட்டது, ஆள்தான் வேறு.

அதற்குப் பிறகு அவள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதிய பதினொரு கடிதங்களை யாரும் படிக்கவில்லை என்பது நேற்றுத்தான் தெரியும். பன்னிரண்டாவதைப் படித்தவர் நீங்கள். தாளையும் எடுத்துவிட்டீர்கள். அதில் மூன்றாவது முனை முழுசாக இருக்கிறது, ஓரத்தில் துவேரின் கையெழுத்தில் தேதி இருக்கிறது. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சில் இருக்கிறது. நாற்பதாவது படம் அந்தச் சிவப்பு அட்டை. அடியில் ‘லெயோன்ஸ் துவேர், இந்த நூற்றாண்டின் தலைசிறந்த போலி’ என்று எழுதியிருக்கிறேன். இந்தக் காலத்து எந்தப் பொன் பதிப்பவருக்கும் என் புத்தகத்தில் நான் பக்கம் கொடுத்ததில்லை. அவருக்கு மட்டும்தான் கொடுத்தேன். கிளெமான்ஸுக்கு ஒரு பிரதி அனுப்பும்படி பதிப்பாளரிடம் சொல்லியும் வைத்தேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அட்டை அசல் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். அச்சை அரத்தால் அறுத்தவன் நான். தாளை மறைத்தவன் நான். ஒரு குற்றமும் செய்யாத மனிதரைச் சிறையில் சாகவிட்டவன் நான். எந்த வார்த்தையில் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அச்சை அடையாளம் காண்பதில் நான் தவறிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அச்சும் புத்தகமும் உங்களிடம்தான் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வழியாக நீங்களே பாருங்கள். பொருந்துகிறது.