மூட்டைமேல் எழுதிய மாகாளி

பெயர் நஸ்ரின் பானு, வயது 36, கணவர் ஷேக் ஃபரீத், பெரிய தெரு, கடையநல்லூர். நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு, சங்கரன்கோவிலில் ஒரு தனியார் மூலிகைப் பரிசோதனைக் கூடத்தில் வேர், கிழங்குகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை பார்த்து வருகிறேன்.

மூலிகை வியாபாரி பெருமாள்சாமி விற்ற நன்னாரி வேரில் ஊறுகாய் போடும் மாகாளிக்கிழங்கு கலந்திருப்பதாகச் சொல்லி ஒரு சர்பத் கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதன் பிறகு அவர், தனக்கு வேர் கொண்டுவரும் வாசுதேவநல்லூர் உச்சிமாகாளிதான் ஏமாற்றிவிட்டார் என்று புகார் கொடுத்திருக்கிறார். கடைசியாகக் கொண்டுவந்த மூட்டைமேல் உச்சிமாகாளியே "மாகாளி" என்று பெயிண்டில் எழுதியிருப்பதுதான் அத்தாட்சியாம். அந்த மூட்டையிலிருந்தும், அசலுக்கு மாதிரி என்று பெருமாள்சாமி தன் சரக்குக் கிட்டங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்த வேரிலிருந்தும் இரண்டு பொட்டலங்கள் சீல் வைத்து என்னிடம் வந்தன.

இரண்டும் துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்தவை. வாசனையும் ஒன்றுதான், ஆகவே மூக்கை நம்பி நான் எதையும் எழுதுவதில்லை. ஊறவைத்து, குறுக்கே சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எங்களிடம் உள்ள அசல் மாதிரிகளோடு ஒப்பிட்டேன். அதன் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. "மாகாளி" என்று எழுதிய மூட்டையில் இருந்தது சுத்தமான நன்னாரி. அசல் என்று வந்ததுதான் மாகாளிக்கிழங்கு. எனக்குச் சிரிப்பு வந்தது.

முடிவைக் கொடுக்க இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தபோது உச்சிமாகாளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதன் பிறகு என் சிரிப்பு போய்விட்டது. மூட்டையைப் பற்றிக் கேட்டேன். "எம் பேரத்தானக்கா எழுதுனேன், அடுத்தவன் மூட்டையோட மாறிரக் கூடாதுன்னு. இனி எவன் எங்கிட்ட வேர் வாங்குவான்?" என்றார். அங்கேயே நின்ற பெருமாள்சாமி, பொட்டலம் மாறியிருக்கும் என்றார். "உங்க முன்னால வச்ச சீலு அண்ணாச்சி. வேணும்னா இங்கனயே இன்னொரு தடவ சீவிக் காட்டுதேன்" என்றேன். எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "மாகாளி குற்றமற்றவர், மாகாளி பெருமாள்சாமியுடையது" என்று இருந்தது. இதில் ஆள் எது, கிழங்கு எது என்று கேட்டேன். ஆளின் பெயரை எல்லா இடத்திலும் உச்சிமாகாளி என்று முழுதாகத் திருத்திய பிறகு, இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் சொன்னதும்தான் என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நஸ்ரின் பானு