மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்

உக்காருங்க வைத்தியரே, அந்த நாற்காலி ஆடாது. பையைக் கீழ வைங்க, எலியெல்லாம் இல்ல. ஒண்ணு இருந்துச்சு, நான் பாட ஆரம்பிச்சதும் குடும்பத்தோட வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு.

சிரிக்கிறீங்க. ஒருதடவை என்னைக் கடிச்ச பாம்பு அங்கேயே செத்துப்போச்சு. அதையும் நம்பமாட்டீங்க. ஆனா எச்ஐவியை வேரோட புடுங்குற மருந்து உங்க பையில இருக்குன்னு நான் மட்டும் நம்பணும். சரி சரி, கோவிச்சுக்காதீங்க. போன்ல கூப்பிட்டதே நான்தானே.

மாத்திரையா? ஆஸ்பத்திரியில குடுக்கிறதுதான், தினம் போடுறது. இப்போதைக்கு இருக்கட்டுமா? கூடவே உங்க மருந்தும் குடிச்சு, பரிசோதனை பண்ணிப் பாத்துட்டு, அப்புறம் மாத்திரையை நிறுத்திடலாம்ங்கிறீங்க. அப்படியா.

இல்ல, ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்க. மாத்திரை விடாம போட்டா ரத்தத்துல தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிடுமாம். கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெத்துக்கலாம், என்னை மாதிரி கிழமாகி எல்லாரையும் இம்சை பண்ணலாம். ஆனா அது போயிடாதாம். வேலை சொல்லிடுவாங்களோன்னு உள்ரூம்ல போர்த்திப் படுத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி, ஒடம்புக்குள்ள எங்கயோ படுத்திருக்குமாம். மாத்திரையை நிறுத்தினா எந்திரிச்சிடும். அதை மொத்தமா வெளிய தள்ளத்தான் இன்னும் ஆராய்ச்சி நடக்குதாம். உலகத்துலயே ஏதோ சில பேருக்குத்தான் போயிருக்கு, அதுவும் பெரும்பாலும் புத்துநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாத்தினவங்களுக்கு. உயிரைப் பணயம் வைக்கிற வைத்தியமாம் அது.

அவங்களுக்கு என்ன தெரியும்ங்கிறீங்களா? அதுவும் சரிதான்.

ஒரு சந்தேகம் வைத்தியரே. பரிசோதனையில கிருமி தென்படலைன்னு வந்தா, அது மாத்திரை பண்ணின வேலையா, உங்க மருந்து பண்ணின வேலையா?

உங்க மருந்துதானா. உங்ககிட்ட மருந்து வாங்கிக் குடிச்ச என் மகளும் அப்படித்தான் நம்பினா. மிச்ச மாத்திரையையெல்லாம் சாக்கடையில கொட்டிட்டு வந்து, அப்பா எனக்குக் குணமாயிருச்சுன்னு என் வாயில ஒரு லட்டை வச்சா. அடுத்த மழைக்காலத்துக்கு அவ இல்ல.

எனக்கா? எனக்கு ஒரு கிருமியும் கிடையாது. சர்க்கரைகூட இல்ல.

ஏன் எந்திரிக்கிறீங்க? கதவு பூட்டியிருக்கு. வெளிய பேச்சுக்குரல் கேக்குதுல்ல, நீங்க குணப்படுத்தினவங்களோட வீட்டு ஆளுங்கதான். தேடித் தேடி வரச்சொன்னேன். குணமானவங்களைத்தான் ஒருத்தரைக்கூடக் கூட்டிட்டு வர முடியல.