அவர் காணாத பங்கர்

ஓம் பிள்ளை, இந்தக் கதிரையிலை ஒருத்தரும் இல்லை, இரும். அட, புத்தகமும் வாங்கிப்போட்டீரோ? நல்ல வேலை பாத்தீர்.

பெரிய கவிஞரோ? இருக்கட்டும். எனக்கு அவர் தங்கச்சி சிவகௌரியின்ரை மூத்த பெடியன், கிருஷாந். விம்பிள்டனிலை பிறந்து வளந்தது. பார்மசி படிக்கப் போனவர், இடையிலை விட்டிட்டு பப்புகளிலை ஏறி நிண்டு இங்கிலீசிலை கவிதை எண்டு கத்தித் திரிஞ்சார். தாய் போய் அழாத கோயில் இல்லை. அப்ப ஒரு வெள்ளையும் திரும்பிப் பாக்கேல்லை. பிறகு மெல்ல வன்னிச் சண்டையைப் பற்றி எழுதத் தொடங்கினார். அவ்வளவுதான்! பரிசென்ன, ரேடியோ என்ன, இப்ப யூனிவர்சிட்டியிலை படிப்பிக்கிறாராம்.

வன்னியை அவர் எங்கை கண்டது? ஒருக்கா ஒரு கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போட்டு, நுளம்பு கடிக்குதெண்டு ஓடிவந்தவர். குண்டுக்குப் பதுங்கிற பங்கர்க் குழி எவ்வளவு ஆழம் இருக்கும் பெரியம்மா எண்டு எனக்கு வாட்ஸ்அப்பிலை கேக்கிறார்! மேடைக்கு மட்டும் தோளிலை ஒரு சால்வை. பாரும், அங்கை நிக்கிற நிலையை.

எது, பங்கர் வாசலிலை செல் விழுந்து வெடிச்சு அண்ணன் சாகிற கவிதையோ? ஓம், அதுக்குத்தான் பரிசு. அழுதனீரோ? எல்லாரும் அழுகினம். உவருக்கு ஏது அண்ணன்? மூத்ததே இவர்தானே! நேரை கேட்டனான், உனக்கு எங்கையடா அண்ணன் எண்டு. கவிதையிலை நான் எண்டா நான் இல்லை பெரியம்மா எண்டுறார். பிறகு ஆர், பக்கத்து வீட்டுக்காரனோ?

கோவமோ? சீ, உதுக்கு ஆர் கோவிக்கிறது. ஓம், எல்லாக் கூட்டத்துக்கும் வாறனான்தான். இண்டைக்கும் கிங்ஸ்பரியிலை இருந்து ட்ரெயின் மாறி மாறி இந்த இல்ஃபோர்ட்டுக்கு வந்திருக்கிறன்.

ஏனோ?

அந்தச் செத்த பிள்ளை என்ரை மகன். இஞ்சை வந்த புதிசிலை, தங்கச்சியின்ரை குசினி அடுப்படியிலை வைச்சு ஒருக்காத்தான் சொல்லி அழுதனான். இவர் மேசையிலை ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்தார். தமிழ் விளங்காதெண்டு நினைச்சம். வீட்டிலை என்ரை மனுசன் மகன்ரை பேரை எடுக்க விடமாட்டார். எடுத்தா எழும்பிப் போயிடுவார். இந்த லண்டனிலை அந்தப் பேரை வாய் திறந்து சொல்லுறது இவர் ஒருத்தர்தான். அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. ஆரணனை ஆரனன் எண்டுறார், மடையன்.

ஸ்... மைக்குக்கிட்டை வந்திட்டார். கொஞ்சம் பேசாமல் இரும் பிள்ளை. ரெண்டாம் வரியிலை பேர் வரும்.